விண்ணலைக் கணக்கும் அதனைச் சோதிப்போரும்

(மானகிரியில் நடைபெற்ற நகரத்தார் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருளின் பெயர் சற்று நீளமானது. வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளைக் கணக்கிட்டுப் படமாக்கும் மென்பொருள்களை, அவற்றைப் பயன்படுத்துவோரைக் கொண்டே சோதிக்கும் முறையும், அச்சோதனையை ஒருவர் முன்னின்று ஒழுங்குபடுத்தும் முறையும் என்பதே அது. பெயர் புதிதாயினும் உட்பொருள் நம்மவர்க்குப் புதிதன்று. கணக்கு எழுதுபவர் ஒருவர், அதனைப் பார்த்துச் சரி சொல்பவர் மற்றொருவர் என்னும் முறையிலே தலைமுறை தலைமுறையாகத் தொழில் நடத்தியவர்கள் நாம். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்த நாடுகளிலும் மென்பொருள் தொழிலில் இருக்கின்றனர். அவருள் சோதனைப் பிரிவிலே வேலை பார்ப்போரும் உளர். அவ்வேலையைச் சிறிய வேலையென்று எண்ணுவாரும் நம்மிடை உண்டு. அது எத்துணைப் பெரிய பொறுப்பு என்பதை, விண்ணை ஆராயும் ஒரு துறையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்க விரும்புகின்றேன்.

முதலில் துறையைப் பற்றிச் சில சொற்கள். 1933-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கார்ல் ஜான்ஸ்கி என்னும் பொறிவல்லுநர், கடல் கடந்த தொலைபேசிப் பேச்சுக்கு இடையூறாகும் இரைச்சலை ஆராயப் புகுந்து, அதில் ஒரு பகுதி பால்வெளி மண்டலத்தின் நடுவிடத்திலிருந்து வருகின்றதென வெளியிட்டார். அதுவே ரேடியோ வானநூலின் பிறப்பு. கண்ணுக்குத் தெரியும் ஒளியைப்போலவே ரேடியோ அலைகளும் வானத்துப் பொருள்களினின்றும் இடையறாது வந்துகொண்டிருக்கின்றன. அவை மிக மெல்லியவை. அவற்றைப் பிடிப்பதற்குப் பெரிய ஏற்பிகள் வேண்டும்.

இத்துறை நம் நாட்டுக்கு வந்ததில் ஒரு தமிழருக்குப் பெரும்பங்கு உண்டு. வத்திராயிருப்பில் பிறந்த விஞ்ஞானி கே. எஸ். கிருஷ்ணன் அவர்கள் தில்லித் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் தலைவராயிருந்த காலத்தில், 1952-இல் சிட்னி நகரத்தில் நடந்த உலக மாநாட்டிற்குச் சென்றார். அங்கே ஆஸ்திரேலியர் இத்துறையில் செய்திருந்த வேலையைக் கண்டு வியந்து, தம்மிடத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கோவிந்த் சுவரூப் என்னும் இளைஞரை 1953-இல் பயிற்சிக்கு அங்கே அனுப்பினார். அவ்விளைஞர் பின்னர் அமெரிக்காவிலும் பயின்று, 1963-இல் ஹோமி பாபாவின் அழைப்பை ஏற்று மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். அவர் முதலிற் கட்டிய பெருங்கருவி நம் நீலகிரியிலே, உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில் 1970-இல் முடிவுற்றது.

அக்கருவியின் அமைப்பு வியக்கத்தக்கது. நீளம் 530 மீட்டர்; அகலம் 30 மீட்டர். அவ்விடத்தின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை. ஏறக்குறைய அதே சாய்வுள்ள மலைச்சரிவொன்றைத் தேடிப் பிடித்து, அதன்மேல் வடக்குத் தெற்காக இதனை நிறுத்தினர். அதனால் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. பூமி சுழலுஞ் சுழற்சிக்கு எதிராக ஒரே அச்சில் திருப்பினாலே போதும். ஒரு விண்பொருளை ஒன்பதரை மணி நேரம் வரையில் விடாது பின்தொடரலாம். இயற்கை தந்த சரிவையே யந்திரத்தின் ஓர் உறுப்பாக்கிக்கொண்ட இம்மதிநுட்பம் நம் தமிழ்நாட்டு மண்ணிலே நிகழ்ந்தது.

அதன் பின்னர் சுவரூப் அவர்களும் அவர்தம் குழுவினரும் புனாவுக்கு வடக்கே நாராயண்காவை அடுத்த கோடாத் என்னுமிடத்தில் அதனினும் பெரிய கருவியைக் கட்டினர். அதனைச் சுருக்கமாக ஜி.எம்.ஆர்.டி. என்பர். ஒவ்வொன்றும் 45 மீட்டர் குறுக்களவுள்ள 30 கிண்ணங்கள். அவற்றுள் 14 நடுவிலே நெருங்கி நிற்க, மற்றைய 16 மூன்று கைகளாக நீண்டு, சுமார் 25 கிலோமீட்டர் விரிந்து கிடக்கின்றன. இரண்டிரண்டு கிண்ணங்களாகச் சேர்த்து அவை பெற்ற அலைகளை ஒப்பிடுவது இதன் முறை. 30 கிண்ணங்களினின்றும் இங்ஙனம் 435 இணைகள் கிடைக்கும். ஒவ்வோர் இணையும் சில நொடிக்கொரு முறை, ஒவ்வொரு அலைவரிசைக் கூற்றுக்கும், தனித்தனி எண்களைப் பதிவு செய்கின்றது. ஓரிரவு முடிவதற்குள் கோடிக்கணக்கான எண்கள் குவிந்துவிடும். கருவி தருவது இவ்வெண்களே. படம் இன்னும் பிறக்கவில்லை என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

எண்களைப் படமாக்குவது மென்பொருளின் வேலை. அதனை நம் பழைய கடைக்கணக்கோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். நாள்வழியில் வரிசையாக எழுதியதைப் பேரேட்டில் பெயர்வாரியாகப் பிரித்து, முடிவில் ஐந்தொகை எடுப்பதுபோல இங்கும் படிகள் மூன்று.

முதற்படி, கெட்ட பதிவுகளை விலக்குதல். கைப்பேசி, மின்கம்பி, செயற்கைக்கோள் ஆகிய மனிதர் படைப்புகள் யாவும் ரேடியோ அலைகளை வீசுகின்றன. அவை வானத்தின் குரலைப் பன்மடங்கு விஞ்சி நிற்கும். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் ஆண்டுக்கணக்காகச் சில விந்தையான துடிப்புகள் பதிவாயின. அவை எங்கிருந்து வந்தனவென்று 2015-இல் தேடிக் கண்டபோது, அந்நிலையத்து மைக்ரோவேவ் அடுப்பின் கதவை அது நிற்குமுன் திறந்ததனால் வந்தவை என்று தெரிந்தது! சமையலறையின் ஒலியும் விண்ணின் ஒலியும் எண்ணளவில் ஒன்றுபோலத் தோன்றக்கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இரண்டாம்படி, அளவு திருத்துதல். தராசு சரியா என்று பார்க்க முத்திரையிட்ட படிக்கல்லை வைத்து நிறுப்பதுபோல, வலிமை நன்கு தெரிந்த சில விண்பொருள்களை முதலிற் பார்த்து, ஒவ்வொரு கிண்ணத்தின் ஏற்றத்தாழ்வையும் அறிந்து திருத்துகின்றனர். 3சி 48, 3சி 147, 3சி 286 என்னும் எண்களால் அறியப்படும் பொருள்கள் அத்தகைய படிக்கற்களாம்.

மூன்றாம்படி, படமாக்குதல். கிண்ணங்கள் நிலம் முழுவதையும் நிரப்பி நிற்கவில்லை. இடையே வெற்றிடம் மிகுதி. அதனால் முதலிற் பிறக்கும் படத்தில் ஒவ்வோர் ஒளிப்புள்ளியைச் சுற்றியும் போலியான அலையடிப்புகள் காணப்படும். அவற்றைச் சிறிது சிறிதாகத் துடைத்தெடுக்கும் வழியை யான் ஹோக்பாம் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் 1974-இல் வெளியிட்டார். இன்றும் பல மென்பொருள்களுக்கு அடிப்படை அவ்வழியே. ஆயினும் எத்தனை முறை துடைப்பது, எங்கே நிறுத்துவது, எந்தப் புள்ளியை மெய்யென்று கொள்வது என்பனவெல்லாம் மென்பொருளை இயக்குபவர் கொடுக்கும் அளவுகளைப் பொறுத்தன.

இனி, இச்சொற்பொழிவின் உயிர்நிலையான கருத்துக்கு வருகின்றேன். ஐந்தொகையில் பற்றும் வரவும் ஒத்துப்போய்விட்டால் கணக்கு மெய்யென்று ஆகிவிடுமா? ஆகாது என்பதை இவ்வவையிலுள்ள பெரியோர்கள் என்னினும் நன்கறிவீர்கள். ஒருவர் பேரில் பற்றெழுத வேண்டியதைப் பிறிதொருவர் பேரில் எழுதினாலும் கூட்டுத்தொகை ஒத்தே நிற்கும். ஒரு வரவை நாள்வழியிலேயே எழுதாது விட்டாலும் ஒத்தே நிற்கும். கூட்டு ஒத்துப்போதல் வேறு. கணக்கு மெய்யாதல் வேறு. அதுபோலவே ரேடியோ வானநூல் மென்பொருளுக்கு எத்தகைய எண்களைக் கொடுத்தாலும் படமொன்று வந்தே தீரும். அளவு திருத்தம் பிழைபட்டாலும் படம் வரும். இடையூற்றை நீக்காது விட்டாலும் படம் வரும். படம் அழகாயிருப்பது அதன் மெய்ம்மைக்குச் சான்றாகாது. வானத்திற்குச் சென்று நேரிற் பார்த்து ஒப்பிடவும் நம்மால் இயலாது. ஆகவே மென்பொருளைச் சோதித்துச் சோதித்து நம்பிக்கை பெறுவதைத் தவிர வேறு வழியில்லை. இல்லாத விண்மீன் மண்டலமொன்று இருப்பதாக ஒரு பட்டியலில் ஏறிவிட்டால், அதனை அடிப்படையாக வைத்துப் பிறர் பத்து ஆராய்ச்சிகளை எழுதிவிடுவர். பிழை வட்டிக்கு வட்டியாகப் பெருகும்.

இம்மென்பொருள்களின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். அமெரிக்கத் தேசிய ரேடியோ வானநூல் நிலையத்தார் 1978-ஆம் ஆண்டை ஒட்டி ஏய்ப்ஸ் என்னும் மென்பொருளை எழுதத் தொடங்கினர். அது உலகெங்கும் பரவி, நம் ஜி.எம்.ஆர்.டி.யிலும் நெடுங்காலம் வழங்கிற்று. இன்றும் அதனை விடாதவர் உளர். 1990-களின் தொடக்கத்தில் அதற்கு மாற்றாக ஏய்ப்ஸ் பிளஸ் பிளஸ் என்னும் புதிய மென்பொருளைச் செய்யப் பல நாட்டு நிலையங்கள் ஒன்றுகூடின. அக்கூட்டில் நம் ஜி.எம்.ஆர்.டி. நிலையமும் தொடக்கத்தில் ஓர் உறுப்பாயிருந்தது. பெரிய எண்ணங்களோடு தொடங்கிய வேலை அது. எனினும் ஆண்டுகள் பல சென்றும் வானநூலாரில் பெரும்பாலோர் பழகிய ஏய்ப்ஸையே நாடினர். பின்னர் அதன் அடித்தளத்தின்மேல் காசா என்னும் மென்பொருள் எழுந்தது. தென்னமெரிக்காவின் சிலி நாட்டில், ஏறத்தாழ 5,000 மீட்டர் உயரத்துப் பாலைநிலத்தில், 66 ஏற்பிகளோடு 2013-இல் திறக்கப்பட்ட ஆல்மா என்னும் தொலைநோக்கிக்குக் காசாவே கணக்கு மென்பொருள்.

ஆல்மாவுக்கான மென்பொருள் வேலையிலே ஒரு நல்ல பாடம் உண்டு. அத்தொலைநோக்கி கட்டி முடிவதற்குப் பல ஆண்டுகட்கு முன்னரே, மென்பொருளைப் பயன்படுத்தப்போகும் வானநூலாரைக் கூட்டி, வேறு தொலைநோக்கிகள் தந்த பழைய பதிவுகளைக் கையிற் கொடுத்து, சுற்றுச் சுற்றாகச் சோதனை செய்வித்தனர். கருவி வந்தபின் சோதிப்போம் என்று காத்திருக்கவில்லை. கடை திறக்கும் நாளிலே கணக்கப்பிள்ளைக்குக் கணக்குக் கற்பிப்பார் உண்டோ?

மென்பொருளை எழுதியவரே சோதித்தால் போதாதா என்று சிலர் வினவலாம். அவர்களும் சோதிக்கத்தான் செய்கின்றனர். ஒவ்வோர் இரவும் யந்திரமே தானாக இயங்கி, நேற்றைய விடையும் இன்றைய விடையும் ஒன்றா என்று பார்க்கும் ஏற்பாடும் உண்டு. ஆயினும் எழுதியவர்க்குத் தாம் போட்ட பாதை தெரியும், அப்பாதையிலேயே நடப்பர். வேறிடத்திற் கால்வைத்தால் பள்ளம் இருக்குமென்பது அப்பாதை தெரியாதவர் நடந்து விழுந்தபின்பே தெரியவரும். நாள்வழி எழுதியவரே தம் கணக்கைத் தாமே பார்வையிட்டால், எழுதும்போது எங்கே கண் தவறிற்றோ, பார்வையிடும்போதும் அங்கேயே தவறும்.

மேலும் ஒரு காரணம் உண்டு. காசாவின் அமைப்பாளர் முதன்மையாகக் கருதியவை அமெரிக்காவின் வி.எல்.ஏ. தொலைநோக்கியும் ஆல்மாவும். நம் ஜி.எம்.ஆர்.டி. தாழ்ந்த அலைவரிசைகளில் வேலை செய்வது. அவ்வரிசைகளில் வானத்தின் மிக அகன்ற பரப்பு ஒருங்கே தெரியும். பூமியைச் சூழ்ந்த அயனமண்டலம் அலைகளை அங்குமிங்கும் வளைத்துவிடும். பதிவு செய்யும் கோப்பின் வடிவமும் வேறு. அதனைப் பொதுவடிவத்திற்கு மாற்றிய பின்னரே காசாவில் ஏற்ற இயலும். ஆகவே நம் பதிவுகளை வைத்து நம்மவர் சோதித்தாலன்றி அம்மென்பொருள் நமக்கு ஏற்றதாகாது. இத்தேவையை உணர்ந்தே புனா நிலையத்தைச் சேர்ந்த ரூதா காலே, ஈஸ்வர சந்திரா ஆகிய இருவர், காசாவை நம் மேம்படுத்தப்பட்ட கருவியின் பதிவுகளுக்கு ஏற்ப நடத்தும் கேப்ச்சர் என்னும் தொடர்நிரலை எழுதி 2021-இல் வெளியிட்டனர்.

இனிச் சோதனையை ஒழுங்குபடுத்துவோர் செய்யவேண்டிய காரியங்களைக் கூறுகின்றேன். பழைய கடைகளில் முதலாளி ஊரிலிருக்க, கடல் கடந்த கடையை மேலாள் நடத்துவார். இருவர்க்கும் இடையே செய்தி சரியாகச் சென்று வந்தாலன்றித் தொழில் நடவாது. மென்பொருளைச் செய்வோர் ஒரு கரையிலும் பயன்படுத்துவோர் மறு கரையிலுமாக நிற்க, இடைநின்று செய்தியைச் சேர்ப்பிப்பவரே இவ்வொருங்கிணைப்பாளர்.

அவர் முதற்கண் செய்யவேண்டுவது ஆட்களைத் தெரிந்தெடுத்தல். கைதேர்ந்தவர்களை மாத்திரம் கூட்டினால் போதாது. கைதேர்ந்தவர் குறையைக் கண்டும் குறுக்குவழியிலே தாண்டிப் போய்விடுவர். இன்றுதான் தொடங்கும் மாணவர் சிலர் வேண்டும். வேறொரு மென்பொருளிற் பழகி இதனைச் சந்தேகக்கண்ணோடு பார்ப்பவர் சிலர் வேண்டும். வெவ்வேறு தொலைநோக்கிகளை ஆள்பவர் வேண்டும்.

இரண்டாவது, சோதனைக்குரிய பதிவுகளை ஆயத்தம் செய்தல். விடை முன்னரே தெரிந்த பதிவு ஒன்று, இடையூறு மலிந்த கெட்ட பதிவு ஒன்று, மிகப் பெரிய பதிவு ஒன்று என வகைக்கொன்றாக இருத்தல் நலம். நல்ல பதிவுகளை மாத்திரம் கொடுத்துச் சோதிப்பது, வறண்ட கோடையில் ஓட்டுவீட்டின் கூரையைச் சோதிப்பது போலாகும்.

மூன்றாவது, காலமும் முறையும் வகுத்தல். இன்ன நாள் தொடங்கி இன்ன நாள் முடிய, இன்ன பதிப்பை, இன்ன படிகளால் சோதிக்க என்று தெளிவாக எழுதிக் கொடுத்தல் வேண்டும். சோதனை நடக்கும்போது மென்பொருளை மாற்றிக்கொண்டே போனால் எவர் எதைச் சோதித்தார் என்பது எவர்க்கும் விளங்காது. கையேட்டையும் சோதனைக்கு உட்படுத்தல் வேண்டும். கையேடு தவறாயிருப்பின் மென்பொருள் சரியாயிருந்தும் பயனில்லை.

நான்காவது, அறிக்கைகளைப் பெறுதல். ‘படம் சரியாக வரவில்லை’ என்று ஒருவர் எழுதினால் அதனால் யாது பயன்? எந்தப் பதிப்பு, எந்தக் கணிப்பொறி, எந்தப் பதிவு, என்ன கட்டளை கொடுத்தார், என்ன விளைவை எதிர்பார்த்தார், என்ன விளைந்தது என்னும் ஆறும் எழுதப்பட வேண்டும். செய்வோர் தம்மிடத்தே அதனை மறுபடியும் நிகழ்த்திக் காண இயன்றாலே குறை நீங்கும்.

ஐந்தாவது, அவ்வறிக்கைகளைத் தரம் பிரித்தல். மென்பொருளை நிறுத்திவிடும் குறை ஒருவகை. வேலையைத் தாமதப்படுத்தும் குறை ஒருவகை. இன்னும் நன்றாயிருக்கலாம் என்னும் விருப்பம் ஒருவகை. இவற்றினும் கொடியது ஒன்று உண்டு. மென்பொருள் நிற்காது, முறையிடாது, அமைதியாகத் தவறான விடையைத் தந்துவிட்டுப் போவது அது. ஓர் உதாரணத்தைக் கற்பித்துக்கொள்வோம். பதிவை ஏற்றும்போது முப்பது கிண்ணங்களில் ஒன்றன் எண்களை மென்பொருள் சொல்லாமலே விட்டுவிடுகின்றது. படம் வருகின்றது, சிறிது மங்கல், அவ்வளவே. வல்லுநர் அது வானிலையின் குற்றமென்று போய்விடுவார். ‘முப்பது இருக்கவேண்டிய இடத்தில் இருபத்தொன்பது இருக்கின்றதே’ என்று எண்ணிப் பார்த்துக் கேட்பவர் புதிய மாணவராகத்தான் இருப்பார். அக்கேள்வியைச் சிறுபிள்ளைக் கேள்வியென்று தள்ளாது முதலிடத்தில் வைப்பதே ஒருங்கிணைப்பாளரின் பெருமை.

ஆறாவது, விடை சொல்லுதல். குறையை எழுதி அனுப்பியவர்க்கு அது பெறப்பட்டது, இவ்வாறு திருத்தப்பட்டது, அல்லது இக்காரணத்தால் திருத்தப்படவில்லை என்று மறுமொழி செல்ல வேண்டும். மறுமொழி பெறாதவர் அடுத்த சுற்றிற்கு வாரார். திருத்திய பின் அவரைக் கொண்டே மறுபடி பார்க்கச் செய்தலும் கடமை. ஒரு குறையைத் திருத்தப் புகுந்து வேறிரு குறைகளைப் புகுத்திவிடுதல் இத்தொழிலில் அன்றாட நிகழ்ச்சி.

இவ்வொழுங்கு எத்தகைய பலனைத் தரும் என்பதற்கு உலகறிந்த சான்றொன்று கூறுவேன். 2019 ஏப்ரல் 10-ஆம் நாள், எம் 87 என்னும் அண்டத்தின் நடுவேயுள்ள கருந்துளையின் நிழற்படத்தை விஞ்ஞானிகள் வெளியிட்டனர். நீங்கள் யாவரும் பத்திரிகையில் அதனைக் கண்டிருப்பீர்கள். அதற்குரிய பதிவுகள் 2017 ஏப்ரலில், உலகின் ஐந்து இடங்களிலிருந்த ஏழு தொலைநோக்கிகளால் எடுக்கப்பட்டவை. 2018-இல் அப்பதிவுகளை நான்கு குழுக்களிடம் பிரித்துக் கொடுத்தனர். ஒரு குழுவார் மற்றொரு குழுவாரோடு அதுபற்றிப் பேசலாகாது என்பது கட்டளை. ஏழு வாரங்கள் தனித்தனியே வேலை செய்து பின் கூடிப் பார்த்தபோது, நால்வர் படத்திலும் வளையமொன்று காணப்பட்டது. ஆயினும் அவர்கள் அம்மகிழ்ச்சியோடு நிற்கவில்லை. வளையம், பிறை, நடுவில் ஓட்டையில்லாத வட்டத்தட்டு, இரட்டைப் புள்ளி என நான்கு பொய் வானங்களைக் கணிப்பொறியிலே சமைத்து, அவற்றின் பதிவுகளை அதே மென்பொருள்களுக்குக் கொடுத்தனர். தட்டைக் கொடுத்தால் தட்டையும், இரட்டையைக் கொடுத்தால் இரட்டையையும் தரும் அளவுகளையே ஏற்றனர். எதனைக் கொடுத்தாலும் வளையமாக்கிக் காட்டும் அளவுகளைத் தள்ளினர். வளையம் வேண்டுமென்று ஆசைப்பட்டவர்களே தம் ஆசைக்கு எதிராகச் சோதனை வகுத்துக்கொண்டனர். உலகம் அப்படத்தை நம்பியதற்கு இதுவே காரணம்.

நம் நாட்டுச் சான்றும் ஒன்று உண்டு. ஜி.எம்.ஆர்.டி. கருவியைக் கொண்டு 2010 முதல் 2012 வரையில் 150 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வானத்தின் பெரும்பகுதியைப் பதிவு செய்தனர். அப்பதிவுகள் பொதுவுடைமையாயின. ஹூயிப் இன்டெமா என்னும் அறிஞரும் அவர்தம் கூட்டாளிகள் மூவரும், அயனமண்டலத்தின் வளைவைத் திருத்தவல்ல ஸ்பாம் என்னும் மென்பொருளால் அவற்றை மீண்டும் கணக்கிட்டு, வானத்தின் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கை அடக்கிய படங்களை 2017-இல் வெளியிட்டனர். அதிலே கண்ட ரேடியோப் பொருள்கள் 6 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேல். பெருஞ்சாதனை என்பதில் ஐயமில்லை. அதே ஆண்டில் நடாஷா ஹர்லி-வாக்கர் என்னும் ஆஸ்திரேலிய அறிஞர் அப்பட்டியலைத் தம் நாட்டு மர்ச்சிசன் கருவி தந்த பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பொருள்களின் வலிமை அளவு வானத்தின் ஒரு பகுதிக்கும் மறுபகுதிக்கும் வேறுபட்டிருப்பதைக் கண்டு, ஒரு பகுதிக்குத் திருத்திய அளவும் வெளியிட்டார். இதனால் முதற் பட்டியலின் மதிப்புக் குறைந்ததென்று எவரும் கூறார். எங்கே நம்பலாம், எங்கே எச்சரிக்கையோடு கொள்ளலாம் என்பது தெரிந்தமையால் அதன் பயன் மிகுந்ததே ஒழியக் குறைந்திலது. பயன்படுத்துவோரே சோதிப்போர் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

வருங்காலத்தில் இத்தேவை இன்னும் பெருகும். தென்னாப்பிரிக்காவில் 197 கிண்ணங்களும், மேற்கு ஆஸ்திரேலியாவில் 1,31,072 சிறு ஏற்பிகளும் கொண்ட எஸ்.கே.ஏ. என்னும் மாபெருந் தொலைநோக்கித் தொகுதி எழுந்து வருகின்றது. அதிற் சேர்வதற்கு நம் அரசாங்கத்தார் 2023 டிசம்பரில் ரூபாய் 1,250 கோடிக்கு ஒப்புதல் தந்தனர். அதன் கட்டுப்பாட்டு மென்பொருளை வரையறுத்த பன்னாட்டுக் குழுவுக்கும் நம் புனா நிலையமே தலைமை தாங்கிற்று. அத்தொகுதி முழுமை பெற்றபின் ஆண்டுதோறும் சேமிக்கவேண்டிய பதிவுகள் ஏறத்தாழ 700 பெட்டாபைட் இருக்குமென மதிப்பிட்டுள்ளனர். அத்துணை எண்களையும் மனிதர் கண்ணாற் பார்ப்பது நடவாத காரியம். மென்பொருள் சொல்வதையே நம்பவேண்டி வரும். அதனை முன்னுணர்ந்து, கருவி எழுமுன்னரே, செய்கையாகச் சமைத்த வானங்களை வெளியிட்டு, ‘இதிலுள்ள பொருள்களைக் கண்டு சொல்லுங்கள்’ என்று உலகத்தார்க்குப் போட்டி வைத்தனர். முதற்போட்டி 2018 நவம்பரிலும் இரண்டாம் போட்டி 2021-லும் நடந்தன. விடை வைத்தவர் கையில் ஒளிந்திருக்க, பல நாட்டுக் குழுவினர் தத்தம் மென்பொருளால் தேடினர். இதுவும் ஒருவகைச் சோதனையே. ஒருங்கிணைப்பின் உச்சியென்றே சொல்லலாம்.

அன்பர்களே, இவையெல்லாம் எங்கோ நடப்பவை, மானகிரிக்கும் காரைக்குடிக்கும் இதில் என்ன என்று எண்ணவேண்டா. 1948-இல் வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததனால் நம் பக்கத்திலே மின்வேதியியல் ஆய்வகம் எழுந்தது. அப்பொழுதும் ‘பொட்டலிலே விஞ்ஞானமா?’ என்று கேட்டவர் இருந்திருப்பர். இன்று இத்துறையில் இறங்க நிலமும் வேண்டா, லட்சங்களும் வேண்டா. ஏய்ப்ஸ், காசா, கேப்ச்சர் ஆகியவை விலையின்றிக் கிடைக்கின்றன. ஜி.எம்.ஆர்.டி. பதிவுகள், எடுத்தவர்க்குரிய 18 மாதக் காலம் கடந்தபின் எவரும் கேட்டுப் பெறத்தக்கன. ரேட் அட் ஹோம் என்னும் இயக்கம் 2013 முதல் நம் நாட்டு மாணவரைக் கொண்டே ரேடியோப் படங்களை ஆராய்வித்து வருகின்றது.

ஆகவே நம் கல்லூரிகளில் பயிலும் இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள். நால்வர் ஐவராகச் சேருங்கள். ஒருவரை ஒருங்கிணைப்பாளராகக் கொள்ளுங்கள். பழைய பதிவொன்றைப் பெற்று, ஒவ்வொருவரும் மற்றவரைக் கேளாது தனித்தனியே படமாக்குங்கள். பின் கூடி ஒப்பிடுங்கள். வேறுபாடு எங்கே காண்கின்றதோ அங்கே இறங்கித் தேடுங்கள். கண்ட குறையை யான் சொன்ன ஆறு குறிப்போடும் எழுதி, மென்பொருள் செய்தார்க்கு அனுப்புங்கள். கையேட்டிலே விளங்காத இடத்தைத் தெளிந்த தமிழில் விளக்கி எழுதிப் பின்வரும் மாணவர்க்கு வையுங்கள். இதனால் உடனே பொருள் வாராது. ஆனால் இவ்வாறு பயின்றவர் எந்த நிறுவனத்திற் சென்று சோதனை வேலையில் அமர்ந்தாலும், அவர் சொல்லுக்கு மதிப்பிருக்கும்.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். ‘என் மகன் மென்பொருள் எழுதுகின்றான்’ என்று பெருமை கொள்வோர், ‘என் மகள் அதனைச் சோதிக்கின்றாள்’ என்பதிலும் அதே பெருமை கொள்ளல் வேண்டும். பர்மாவிலும் மலேயாவிலும் நம்மவர் கடை நடத்திய காலத்தில், முன்பின் அறியாதவரும் நம்மிடம் பணத்தை ஒப்படைத்தது நம் கணக்கின்மேல் வைத்த நம்பிக்கையால். அந்நம்பிக்கை எழுதியவராலே மாத்திரம் வந்ததன்று. வரிவரியாகப் பார்த்து, ஒவ்வாத இடத்தில் விரல் வைத்து, ‘இது எங்கிருந்து வந்தது?’ என்று அஞ்சாது கேட்டவராலும் வந்தது. விண்ணைக் கணக்கிடும் வேலைக்கும் அக்கேள்வியே காவல்.